நிறுத்தற்குறியும் ஓர் அமானிதமே!

ஒரு துண்டுச் சீட்டின் கதையோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அச்சீட்டை எழுதியவன் நானே. ஆதலால் இதில் பிறரைக் குறைகூற எனக்கு இடமில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த மீனவர் கிராமம் நல்லவாடு. அவ்வூர்ப் படகுக்காரர் ஒருவருக்கும், அவரிடம் கருவாடு வாங்கி விற்றுவந்த நம் சகோதரர் ஒருவருக்கும் பல்லாண்டுப் பழக்கம். வலை வாங்குவதற்காகச் சகோதரர் அவருக்கு 50,000 ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்திருந்தார். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து கடைப்பக்கம் சென்ற என்னை, "ஹஜ்ரத், ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று அழைத்தார். படகுக்காரர் சொல்லச் சொல்ல, நின்றவாறே நான் எழுதியது இது:

"வலைக்காக வாங்கிய 50,000 ரூபாய் கடன் பாக்கி 20,000 கொடுத்துவிட்டேன்"

படகுக்காரர் கையொப்பமிட்டார். சகோதரர் சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். மூவரும் தேநீர் அருந்திப் பிரிந்தோம்.

மறு ஆண்டு அந்தச் சகோதரர் வஃபாத்தானார். சொத்தைப் பங்கிடுமுன் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவிட வேண்டும் என்று முனைந்த பிள்ளைகளின் கையில் அச்சீட்டு அகப்பட்டது. அவர்கள் அதை இவ்வாறு படித்தனர்: "50,000 ரூபாய் கடன் பாக்கி, 20,000 கொடுத்துவிட்டேன்." அப்படியானால் இன்னும் 30,000 ரூபாய் வர வேண்டும். படகுக்காரரோ, "50,000 ரூபாய் கடன், பாக்கி 20,000 கொடுத்துவிட்டேன்" என்பதே பொருள் என்றார். அப்படியானால் கணக்கு முடிந்துவிட்டது.

சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. குறி ஒன்று நிற்கும் இடத்தைப் பொறுத்து 30,000 ரூபாய் வருகிறது, அல்லது போகிறது! எழுதிய என்னைக் கேட்டனர். நாளும் நேரமும் நினைவில் இருந்தன. தொகையின் விவரம் நினைவில் இல்லை. ஏறத்தாழ நாற்பது நாட்கள் அப்படகுக்காரர், தாம் நெடுங்காலம் மதிப்போடு நடந்து வந்த தெருவில், வாங்கிய கடனை மறுப்பவர் என்ற பழியோடு நடந்தார். பிறகு, பரணில் இருந்த பழைய சிட்டைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதலில் 30,000 ரூபாய் வரவு வைத்திருந்த குறிப்பு, அந்தச் சகோதரரின் கையெழுத்திலேயே அதில் இருந்தது. பிள்ளைகள் நல்லவாட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டனர். நானும் உடன் சென்றேன். அங்கே அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை இறுதியில் கூறுகிறேன்.

யாஸீனில் நிறுத்துகிறோம், கடிதத்தில்?

கலைப் பட்டம் பெற்றவன் நான். மதரஸாவில் பாடம் நடத்துபவன். மாணவன் ஒருவன் ஓதும்போது நிறுத்தக் கூடாத இடத்தில் மூச்சு விட்டால் உடனே திருத்துகிறேன். திருக்குர்ஆனில் எழுத்துகளுக்கு மேலே சிறிதாக மீம், தா, ஜீம், ஸாய், ஸாத், லா என்று குறிகள் இருப்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். மீம் என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஜீம் என்றால் நிறுத்தவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம். லா என்றால் அவ்விடத்தில் நிறுத்தலாகாது. நிறுத்துமிடங்களை இவ்வாறு தரம் பிரித்துக் குறியிட்டவர், ஹிஜ்ரி 560-இல் மறைந்த அறிஞர் முஹம்மது இப்னு தைஃபூர் ஸஜாவந்தி.

நம் இல்லங்களில் அடிக்கடி ஓதப்படும் யாஸீன் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 52-ஆவது வசனத்தில், மறுமையில் எழுப்பப்படுவோரின் திகைப்பான கேள்வி முடிந்து, அதற்குரிய மறுமொழி தொடங்குகிறது. அங்கே மூச்சு விடாமல் கணநேரம் நிறுத்துகிறோம். அதற்கு 'ஸக்தா' என்று பெயர். அவ்வாறு நிறுத்தாவிடில், மறுமொழியின் முதற்சொல்லாகிய 'இது', கேள்வியின் இறுதியில் உள்ள 'உறங்குமிடம்' என்னும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

அதே அத்தியாயத்தின் 76-ஆவது வசனத்தில், மறுப்போரின் பேச்சுக்காக வருந்த வேண்டா என்று நபி (ஸல்) அவர்களுக்கு ஆறுதல் கூறப்படுகிறது. உடனே அங்கே ஒரு மீம். அதைக் கவனியாமல் தொடர்ந்து ஓதினால், அடுத்து வரும் இறைவனின் வார்த்தை மறுப்போரின் பேச்சைப் போலத் தோன்றிவிடும். யார் பேச்சு எங்கே முடிகிறது என்று காட்டும் வேலையைத் தமிழில் மேற்கோட்குறி செய்கிறது. அங்கே மீம் செய்கிறது!

ஓதும்போது இத்தனை கவனம் காட்டும் நாம், கணக்குச் சீட்டிலும், விண்ணப்பத்திலும், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அனுப்பும் செய்தியிலும் ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதுவது ஏன்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதிக் கொடுப்பவர் நீதியுடன் எழுத வேண்டும் என்ற கடமையையும் அது விதிக்கிறது. தொகையைக் கூட்டிக் குறைத்து எழுதாமலிருப்பதே அந்த நீதி என்று நான் எண்ணியிருந்தேன். படிப்பவர் இருவேறாகப் பொருள் கொள்ளாதபடி எழுதுவதும் அந்நீதியில் அடங்கும் என்பதை அந்தத் துண்டுச் சீட்டே எனக்குக் கற்பித்தது.

புள்ளி பின்னால் வந்தது

அரபியிலும் சரி, தமிழிலும் சரி, எழுத்து முந்தியது, குறி பிந்தியது. பழைய அரபு எழுத்தில் உயிரொலிக் குறிகள் இல்லை. அரபியரல்லாதோர் பெருமளவில் இஸ்லாத்தைத் தழுவிய காலத்தில், தவறாக ஓதிவிடுவார்களே என்ற கவலை எழுந்தது. உயிரொலிகளைப் புள்ளிகளால் காட்டும் முறையைத் தொடங்கியவராக, ஹிஜ்ரி 69-இல் மறைந்த அபுல் அஸ்வத் துஅலீ போற்றப்படுகிறார். பிற்கால அரபு உரைநடைக்கான நிறுத்தற்குறிகளை வகுத்து, எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் ஸக்கி பாஷா 1912-இல் நூல் வெளியிட்டார். வலமிருந்து இடமாக எழுதுவதற்கேற்ப, அரபியில் காற்புள்ளி தலைகீழாகவும் வினாக்குறி எதிர்ப்புறம் நோக்கியும் நிற்பதைக் காணலாம்.

தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆயினும், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடு எழுதியோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டனர். மெய்யெழுத்துக்கே புள்ளி இல்லாத ஏட்டில் வாக்கியத்துக்கு ஏது முற்றுப்புள்ளி? நம் புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உரைநடையிலும், வாக்கியம் எச்சங்களால் கோக்கப்பட்டு நெடுந்தூரம் செல்கிறது. அச்சு இயந்திரம் வந்த பின்னரே குறிகள் வேரூன்றின. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்டு நிலைபெறச் செய்தோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879).

"குறி இல்லாமலே நம் முன்னோர் எழுதவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. எழுதினார்கள், உண்மைதான். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வந்து, "இதோ முடிந்தது" என்று தானே அறிவிக்கிறது. கேள்விக்கு 'ஆ' என்னும் ஓசை உண்டு. அடுக்கிச் சொல்வதற்கு 'உம்' உண்டு. ஆதலால் தமிழில் பல இடங்களில் குறி இல்லாமலும் பொருள் விளங்கும். விளங்காத இடங்கள் சில உள்ளன. அவற்றை அறிந்து கொண்டாலே போதும். பாதி வேலை முடிந்தது.

குறி தவறினால் பொருள் மாறும் இடங்கள்

முதலாவது, விளி. "தம்பி காதர் இன்னும் வரவில்லை" என்று எழுதினால், தம்பியாகிய காதர் வரவில்லை என்று பொருள். "தம்பி, காதர் இன்னும் வரவில்லை" என்றால், தம்பியை விளித்து வேறொருவரைப் பற்றிச் சொல்கிறோம். அழைக்கும் பெயருக்குப் பின் காற்புள்ளி இன்றியமையாதது. விண்ணப்பத்தில் "ஐயா," என்று எழுதுவதும் இதனாலேயே.

இரண்டாவது, காலச்சொல். "நேற்று வந்தவரிடம் பணத்தைக் கொடுத்தேன்" என்பதில், அவர் வந்தது நேற்றா, பணம் கொடுத்தது நேற்றா? கொடுத்ததுதான் நேற்று என்றால், "நேற்று, வந்தவரிடம் பணத்தைக் கொடுத்தேன்" என்று எழுத வேண்டும். அதைவிட, "வந்தவரிடம் நேற்றுப் பணத்தைக் கொடுத்தேன்" என்று சொல்லை இடம் மாற்றுவது மேலும் நன்று. குறி எல்லா நோய்க்கும் மருந்தன்று. சில இடங்களில் வாக்கியத்தையே திருத்த வேண்டும்.

மூன்றாவது, பிறர் பேச்சு. "அவர் நான் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னார்." இங்கே கையெழுத்திட மறுப்பவர் யார்? எழுதுபவரா, சொன்னவரா? அவர், "நான் கையெழுத்திட மாட்டேன்" என்று சொன்னார் என இரட்டை மேற்கோட்குறி இட்டால் ஐயம் அகலும். ஜமாஅத் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவோர் இதனை மறக்கலாகாது. ஒருவர் வாயில் மற்றொருவர் வார்த்தையைப் போட்டுவிடும் பாவம் இங்கே எளிதில் நேர்ந்துவிடும்.

நான்காவது, அடைமொழி. "புதிய வலை கயிறு மிதவை வந்து சேர்ந்தன" என்னும் ரசீதில் புதியது வலை மட்டுமா, மூன்றுமா? காற்புள்ளி இட்டாலும் இங்கே ஐயம் முழுதும் தீராது. "கயிறு, மிதவை, புதிய வலை ஆகியவை வந்து சேர்ந்தன" என்று முறை மாற்றினால் தீரும்.

ஐந்தாவது, கணக்கு. என் சீட்டே அதற்குச் சான்று. தொடர்புள்ள, ஆயினும் தனித்தனியே முடியும் செய்திகளுக்கிடையே அரைப்புள்ளி இட வேண்டும். அல்லது, முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்க வேண்டும்.

இனி, மிகையும் தவறே. 'உம்' சேர்த்து அடுக்கிய "அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளும் வந்தனர்" என்பதில் காற்புள்ளி தேவையில்லை. "எப்போது வருவீர்கள் என்று தெரியவில்லை" என்பது கேள்வியன்று. அதற்கு வினாக்குறி வேண்டா. வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு உணர்ச்சிக்குறிகளை அடுக்குவது, அமைதியாகச் சொல்ல வேண்டியதை உரத்துக் கத்துவதற்கு ஒப்பாகும். அலுவலகக் கடிதத்தில் உணர்ச்சிக்குறிக்கு வேலையே இல்லை. "பொருள்:", "நாள்:", "இணைப்பு:" என்று தலைப்புக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து, செய்திக்கு ஒரு வாக்கியமாக எழுதினால் படிக்கும் அதிகாரி உங்களை வாழ்த்துவார்.

வழக்குமன்றம் ஏறிய காற்புள்ளி

இதெல்லாம் தமிழாசிரியர்களின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளை அம்மாநிலச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. பட்டியலின் இறுதியில், அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொட்டலமிடுதல் என்றும், அனுப்புவதற்காகப் பொட்டலமிடுதல், விநியோகித்தல் என்று இரண்டு வேலைகளாகவும் கொள்ளத்தக்க ஒரு தொடர். இடையே காற்புள்ளி இல்லை. ஓட்டுநர்கள் செய்தது விநியோகம், பொட்டலமிடுதல் அன்று. சட்டம் தெளிவற்றது எனக் கூறி, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018-இல் அந்நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. உழைப்பாளியின் கூலி ஒரு காற்புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது!

கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்னும் இரு நிறுவனங்களுக்கிடையே கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஒப்பந்தம் இருந்தது. ஐந்தாண்டு முடியுமுன் அதை முறித்துக்கொள்ளலாமா என்ற பூசலில், 2006-இல் தொலைத்தொடர்பு ஆணையம் ஆங்கிலப் படியிலிருந்த ஒரு காற்புள்ளியைச் சுட்டி, "முறிக்கலாம்" என்றது. ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சுப் படியும் இருந்தது. அதில் அந்தக் குழப்பம் இல்லை. அதை எடுத்துக்காட்டியபின், 2007-இல் முடிவு மாற்றப்பட்டது. பிரெஞ்சுப் பத்திரங்களைப் பரணில் வைத்திருக்கும் நம் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும்.

பிரெஞ்சு என்றதும் எண்கள் நினைவுக்கு வருகின்றன. பிரெஞ்சு முறையில் 2,5 என்று எழுதினால் இரண்டரை. நம் முறையில் அதையே 2.5 என்று எழுதுகிறோம். அரபு எண்களில் பூஜ்ஜியமே ஒரு புள்ளிதான். வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் அரபு எண்களில் எழுதிய தாளைப் படிக்கும்போது இதனை நினைவில் வைக்க வேண்டும். எத்தொகையையும் எண்ணால் மட்டுமன்றி எழுத்தாலும் எழுதுவதே பாதுகாப்பு.

நல்லவாடு கற்பிப்பது

மீண்டும் நல்லவாட்டுக்கு வருவோம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரை நடுவமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்று, தமிழில் எழுதிக் கடலோரக் கிராமங்களுக்கு அனுப்பினர். அங்கே அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை ஊரெங்கும் ஒலித்தது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர்தப்பினர். இறைவனின் பேரருள்!

அது வாய்மொழிச் செய்தி. அங்கே காற்புள்ளிக்கு வேலை இல்லை. ஆயினும் அது நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. செய்தியைத் தருபவர் ஓரிடத்தில் இருக்கிறார். அறிவிப்பவர் வேறோரிடத்தில் இருக்கிறார். கேட்டு நடப்பவர்களோ ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "நீங்கள் சொன்னதன் பொருள் என்ன?" என்று திரும்பக் கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. நேரில் பேசும்போது நம் குரல் ஏறி இறங்கும், முகம் பேசும், கை பேசும், தயங்கினால் எதிரிலிருப்பவர் கேட்பார். எழுதும்போது இவை யாவும் கழிந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஈடாக நம்மிடம் எஞ்சியிருப்பவை சில புள்ளிகளும் கோடுகளுமே. அலை 2.5 மீட்டர் எழும் என்று பலகையில் எழுதும்போது அந்தப் புள்ளி தேய்ந்து போனால், அலை 25 மீட்டராகிவிடும்!

தந்தி இருந்த காலத்தில், குறி தொலைந்துவிடும் என்றஞ்சி 'ஸ்டாப்' என்னும் சொல்லையே எழுதினார்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிந்தது. இன்று கைபேசியில் செய்தி நொடியில் போகிறது. விரைவு கூடியது, நிறுத்தம் குறைந்தது. ஒரு குடும்பத்தில், "வர வேண்டாம் என்று சொல்லவில்லை" என்ற செய்தியை 'வேண்டாம்' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்தி, ஒரு மாதம் பேசாமலிருந்த உறவினரை நான் அறிவேன். எழுதுபவருக்கு நிறுத்தும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. படிப்பவருக்கும் முற்றுப்புள்ளி வரை செல்லும் பொறுமை வேண்டும்.

இன்று முதல் ஒரு பழக்கம்

அன்பு வாசகர்களே! பெரிய இலக்கண நூல் எதையும் புரட்ட வேண்டாம். எதை எழுதினாலும் கொடுக்குமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தங்கும் இடத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பணம், நாள், வாக்குறுதி ஆகிய மூன்றும் வரும் தாளை, அச்செய்தி தெரியாத வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பெண் பிள்ளை இருந்தால் அவளிடமே கொடுங்கள். அவளுக்கு ஒரே பொருள் தோன்றினால், தாள் சரியாக இருக்கிறது.

நான் இப்போது கடன் சீட்டை இவ்வாறு எழுதுகிறேன்: "வலைக்காக வாங்கிய கடன் ரூ. 50,000 (ரூபாய் ஐம்பதாயிரம்). முன்பே கொடுத்தது ரூ. 30,000 (ரூபாய் முப்பதாயிரம்). இன்று கொடுத்தது ரூ. 20,000 (ரூபாய் இருபதாயிரம்). இனிப் பாக்கி ஏதும் இல்லை." நான்கு வாக்கியம், நான்கு முற்றுப்புள்ளி. எழுத இரண்டு நிமிடம் கூடுதலாகும்.

அன்று மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, படகுக்காரர் எங்களை அமரச் செய்து தேநீர் கொடுத்தார். பிள்ளைகளை ஒரு சொல்லும் கடியவில்லை. என்னைப் பார்த்து மட்டும் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, ஹஜ்ரத். நீங்க எழுதினதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

மதரஸாவுக்குத் திரும்பும்வரை நான் எதுவும் பேசவில்லை. மறுநாள் ஒரு மாணவன் யாஸீன் ஓதினான். ஸக்தா வரும் இடத்தில் சரியாக நிறுத்தினான். "நன்று" என்று அவனிடம் சொன்னேன், பிறகு, கரும்பலகையில் அந்தச் சீட்டின் வாசகத்தைக் குறியில்லாமல் எழுதி, "இதை எங்கே நிறுத்துவீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அன்று முதல் என் வகுப்பில் நிறுத்தற்குறியும் ஒரு பாடம்.